டிசம்பரில் கூரை ஏறுகிறவர்களுக்கு

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி முடிவதற்குள்ளாகவே மார்த்தாண்டம் கடைகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளப் பக்கம் போனாலும் இதே காட்சிதான். யார் வீட்டு நட்சத்திரம் அதிக உயரத்தில் இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் எல்லோரும் பார்க்கிறோம். அந்தப் போட்டியில் எனக்கு வருத்தமில்லை. அது நடக்கிற மாதம்தான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை ஓடுகளையும் முற்றத்தையும் இரண்டு மாதம் ஊறவைத்து, பாசி படியவைத்த பிறகு நாம் ஏணியைத் தூக்குகிறோம்.

அதையும் பொழுது சாய்ந்த பிறகு செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தான் வேலை முடிந்து வந்து, மாலை ஆறு மணிக்கு ஏறினார். இருட்டினால்தானே விளக்கின் அழகு தெரியும் என்பது அவர் வாதம். கீழே அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது, எடுக்கப் போனாள். இன்டர்லாக் கல் பாவிய முற்றத்தில் ஏணியின் கால் வழுக்கியது. கூரையைத் தாங்கும் இரும்பு டிரஸ் குழாயைப் பிடித்துத் தொங்கியதால் மணிக்கட்டு முறிவோடு போயிற்று. பிறகு பார்த்தபோது ஏணியின் காலைச் சுவரிலிருந்து வெகுவாகத் தள்ளி வைத்ததால் ஏணி படுத்தாற்போல் சாய்ந்து கிடந்திருக்கிறது என்று தெரிந்தது. கணக்கு எளிது: ஏணி சாயும் இடம் நான்கடி உயரமென்றால் அதன் கால் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். பதினாறு அடி இறவாரத்துக்கு நான்கடி. கூரைமேல் இறங்க வேண்டுமென்றால் ஏணி இறவாரத்துக்கு மேலே மூன்றடியாவது நீண்டிருக்க வேண்டும், பிடித்துக்கொள்ள. ஏணி எட்டவில்லை என்று பெஞ்சின் மேல் நிறுத்துகிற வித்தையை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஏணி குட்டையென்றால் பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. பிடிக்க நிற்பவரின் போனை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

ஏறிய பிறகு கால் எங்கே வைப்பது என்பது தனிக் கல்வி. மங்களூர் ஓடு என்றால், அடியில் ரீப்பர் என்கிற குறுக்குச் சட்டம் ஓடும் வரிசையில் மட்டும்தான் எடையைத் தாங்கும். நடுவில் மிதித்தால் உடையும். சிமென்ட் ஷீட் இன்னும் மோசம். பழையதாகிவிட்டால் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் ஆளோடு உள்ளே இறங்கிவிடும். ஆணி வரிசையில் மிதித்தால் போதும் என்று சொல்வார்கள். நான் அதையும் நம்ப மாட்டேன். ஷீட்டின் மேல் ஏறவே வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் பெரிய மூடநம்பிக்கை, ‘எல்இடிதானே, ஷாக் அடிக்காது’ என்பது. மலிவு விலை சீரியல் செட்டுகள் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரம் குறைக்கப்படாமல் வயர் முழுக்க ஓடுகிறது. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி மினுமினுக்க வைப்பதற்கு, பாதுகாப்பதற்கு அல்ல. பழைய பல்பு செட்டில் இன்னொரு கைவேலை உண்டு: எரிந்துபோன பல்பை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்ப்பது. நாற்பது பல்பு இருந்த வரிசையில் ஐந்தை வெட்டினால், 230 வோல்ட்டை மிச்சம் முப்பத்தைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் சுமை கூடும், சூடு கூடும், அடுத்தது சீக்கிரம் போகும். முறுக்கிய இடமோ மழைக்குத் திறந்து கிடக்கும். அப்படி ஐந்து ஒட்டு விழுந்த செட்டைக் குப்பையில் போடுவதுதான் சிக்கனம்.

‘கரண்ட் போயிருக்கிறது, இப்போதே கட்டிவிடலாம்’ என்று கிளம்புவது அடுத்த தவறு. கரண்ட் சொல்லிவிட்டு வராது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போகவே இல்லை. சுவிட்சை அணைத்ததும் போதாது. வயரிங் செய்தவர் சுவிட்சை மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் வைக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் வைத்திருந்தால், விளக்கு அணைந்திருக்கும், வயரில் மின்சாரம் காத்திருக்கும். பிளக்கை உருவிக் கையில் எடுங்கள்.

கட்டுக்கம்பியால் வயரை டிரஸ் குழாயோடு முறுக்கிக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். காற்றில் ஆட ஆட அந்தக் கம்பி வயரின் தோலை அறுக்கும். அறுத்தால் இரும்புக் கூரை, தகரத் தாழ்வாரம், மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றிலும் மின்சாரம். நைலான் டையோ சணல் கயிறோ போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத வீட்டில் வெளியே சீரியல் போடக் கூடாது என்பது என் கருத்து. அது இருக்கிற வீட்டிலும், ‘மழையில் அடிக்கடி டிரிப் ஆகிறது’ என்று அதைத் தவிர்த்துத் தனி இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். டிரிப் ஆகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

வீட்டை ஒட்டிப் போகும் மின்வாரியக் கம்பியைக் கீழேயிருந்தே முதலில் பாருங்கள். கட்டடத்துக்குப் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், கூரை உச்சிக்கு மேலே சாதாரண லைன் என்றால் 2.5 மீட்டர், 11 கிலோவோல்ட் லைன் என்றால் 3.7 மீட்டர் இடைவெளி விதிப்படி இருக்க வேண்டும். தென்னையும் ரப்பரும் நெருங்கிய எங்கள் பக்கத்தில் பல இடங்களில் இருக்காது. அப்படிப்பட்ட பக்கத்தில் அலுமினிய ஏணியை நிமிர்த்தாதீர்கள்; நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். மரத்துக்கு மரம் சீரியல் இழுக்க நூலில் கல் கட்டி எறிகிற பிள்ளைகளையும் தடுத்து நிறுத்துங்கள்.

இவ்வளவுக்கும் நான் கண்ட வழி ஒன்று. அத்தான் விழுந்த அடுத்த மார்ச்சில், ஓடு காய்ந்து மொறுமொறுவென்றிருந்த ஒரு காலை நேரத்தில், உயரத்தில் வேலை செய்து பழகிய ஆளை வரவழைத்தோம். இடுப்பில் மட்டும் கயிறு கட்டிக்கொள்ளாமல் தோள், தொடை எல்லாம் சேர்த்துப் பூட்டும் பெல்ட்டோடு அவர் ஏறினார். முகட்டில் ஒரு கொக்கி, அதில் கிணற்றுக் கப்பிபோல் ஒரு சின்னக் கப்பி, ஒரு நைலான் கயிறு. இப்போது கொடி ஏற்றுவதுபோல் முற்றத்தில் நின்றே நட்சத்திரத்தை ஏற்றுகிறோம். பல்பு போனால் இறக்கி மாற்றுகிறோம். உள்ளே ஒன்பது வாட் எல்இடிதான். காகித நட்சத்திரத்துக்குள் அறுபது வாட் குண்டு பல்பு போட்ட காலத்தில் எத்தனை நட்சத்திரம் கருகியது என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால், பதறி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் மடக்கி ஏற்றுவதே நம் வழக்கம். முதுகெலும்பில் அடி இருந்தால் அந்த அன்பே ஆளை முடக்கிவிடும். அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். மின்சாரம் தாக்கியவரை என்றால், மெயினை அணைக்கும்வரை தொடாதீர்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். அப்போது உற்சாகம் வடிந்திருக்கும், பிடிக்க ஆள் இருக்காது, ‘ஒரு நிமிட வேலை’ என்று தனியாக ஏறுவோம். சென்ற முறை அத்தான் ஏணிப் பக்கம் போனதைப் பார்த்து அக்கா சமையலறையிலிருந்தே சத்தம் போட்டாள். அவர் தேங்காய் பறிக்கத்தான் ஏணியை எடுத்தாராம்.