பெங்களூரில் மூன்று மொழிப் பேப்பர் படிப்பது எப்படி

பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்கள் ஆங்கிலப் பேப்பரை மட்டும் படித்துவிட்டு ஊர் நிலவரம் தெரிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கன்னடப் பேப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

சரி, எதில் ஆரம்பிப்பது? டெக்கான் ஹெரால்டும் பிரஜாவாணியும் ஒரே நிறுவனத்துடையவை, இரண்டுமே 1948-இல் தொடங்கியவை. ஒரு செய்தியை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதையே பிரஜாவாணியில் தேடுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் முன்பே தெரிந்திருப்பதால் எழுத்து சீக்கிரம் பிடிபடும். நமக்கு ஒரே ஒரு ‘க’ இருக்கும் இடத்தில் அவர்களுக்கு நான்கு, அதைப் பெரிய தலைப்புகளிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

காவிரிச் செய்தி வந்தால் தினத்தந்தியின் பெங்களூர்ப் பதிப்பையும் வாங்கி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்குத் தர வேண்டும் என்று சொன்னது 177.25 டிஎம்சி, அந்த எண் எதிலும் மாறாது, ஆனால் எந்த ஊர் விவசாயி முதல் பத்தியில் வருகிறார், தலைப்பில் நிற்பது அணையின் நீர்மட்டமா திறந்துவிட்ட தண்ணீரா என்று பாருங்கள். இரண்டு பக்கத்துக் கஷ்டமும் ஒரே பேப்பரில் முழுசாகக் கிடைப்பது அரிது.

அப்புறம், சைட், அதாவது வீட்டு மனை, வாங்கப் போகிறவர்கள் அறிவிப்புப் பக்கத்தை விடாதீர்கள். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, இந்த நிலத்தை அரசு எடுக்கப்போகிறது என்று சொல்லும் முதல்கட்ட அறிவிக்கை அந்த வட்டாரத்தில் விற்கும் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழ். கன்னடம் இன்னும் ஓடவில்லையா, கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் தேடுங்கள், கண்ணில் பட்டால் உடனே கன்னடம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டி முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்.