ஆர்வம் வெறியாக மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிடித்த விஷயத்தைப் பற்றி ஓயாமல் பேசுவதில் தப்பில்லை. ஆனால் அதைவிட, அது பிடிக்காதவர்களைப் பற்றியே அதிகம் பேச ஆரம்பித்துவிட்டீர்களா? அங்கேயே நிறுத்துங்கள்.

இதற்குப் பழைய பகையெல்லாம் தேவையே இல்லை. சமூக உளவியலாளர் ஹென்றி டாஷ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பையன்களை எந்த ஓவியரைப் பிடிக்கும் என்ற பெயரில் இரண்டாகப் பிரித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பையன்களோ, தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிட அதிகம் இருந்தால் போதும் என்கிற மாதிரி பணத்தைப் பங்கிட்டார்கள்.

அதனால் எதிர்த்தரப்பில் ஒருவரிடம் அவருக்குப் பிடித்தது ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் (இதுதான் கஷ்டம்). அப்புறம், உங்களுக்குப் பிடித்ததில் உள்ள குறை ஒன்றை உங்கள் ஆட்கள் நடுவிலேயே சொல்லிப் பாருங்கள். "நீ யார் பக்கம்?" என்று பாய்ந்தால், அந்தக் கூட்டத்தில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.