'ஒன் ஆஃப்' என்று தொடங்கினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளும் வருகிறார்கள், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் வருகிறார்கள். நாங்கள் தோட்டத்தில் படித்த காலத்தில் எழுதிய அதே தவறுகளை இன்றைக்கும் நோட்டில் பார்க்கிறேன். எழுத்துப்பிழையைப் பற்றிப் பேசப்போவதில்லை, அது வாசிக்க வாசிக்கத் தானாகச் சரியாகும். தானாகச் சரியாகாதது 'ஒன் ஆஃப்' என்று தொடங்கும் தொடர்தான். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். அந்தச் சின்ன மின்னஞ்சலுக்குள்ளேயே 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' வந்து நிற்கும்.

பன்மையை விட்டுவிடுவது

'ஒன் ஆஃப்' என்றால் ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றை எடுக்கிறோம். பின்னால் வருவது அந்தக் கூட்டம், அதனால் பன்மை. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்' என்றுதான் எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்கு இது ஏன் நழுவுகிறது என்றால், பள்ளியில் நாள் முழுக்கக் காதில் விழுவது மலாய். அதில் வீடுகளில் ஒன்று என்பதற்கு 'சாலா சத்து ரூமா' என்றால் போதும், வீட்டைக் குறிக்கும் ரூமாவில் எந்த மாற்றமும் கிடையாது. தமிழோ இந்த இடத்தில் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது. 'என் நண்பர்களில் ஒருவன்' என்போமே தவிர, 'நண்பனில் ஒருவன்' என்று யாரும் சொல்வதில்லை. வகுப்பில் தடுமாறும் பிள்ளையிடம் அதைத் தமிழில் சொல்லிப்பார்க்கச் சொல்வேன். 'கள்' வந்தால் ஆங்கிலத்தில் 'எஸ்' வரும். பெரும்பாலான நேரம் அதுவே போதும்.

'எஸ்' எந்தச் சொல்லில் வரும் என்று பார்க்காமல் எழுதுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். பாடப்புத்தகங்களும் பயிற்சி நூல்களும் 'ஃபிரெண்ட்ஸ்', 'புக்ஸ்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன. வேலையிடத்தில் எழுதும்போது ஒற்றைச் சொல் எங்கே வருகிறது? பாய்லர் வால்வ், வாட்டர் பம்ப், எஸ்டேட் ஒர்க்கர் என்று இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்துதான் வரும்.

என்னிடம் படிக்கும் ஒரு தம்பி ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன். ஒரு நாள் விடிகாலையில், ஷிப்ட் விவரங்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் 'ஒன் ஆஃப் தி பாய்லர் வால்வ் லீக்கிங்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே நீராவி தரும் பாய்லர் இரண்டு. காலை ஷிப்ட்டில் வந்த ஃபிட்டர் அதை 'பாய்லர்களில் ஒன்று, அதன் வால்வு' என்று எடுத்துக்கொண்டார். வால்வு என்று மொட்டையாகச் சொன்னால் அவருக்கு மேலே இருக்கும் பெரிய நீராவி வால்வுதான். இரண்டு பாய்லரிலும் ஏறிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஒழுகிக்கொண்டிருந்தது, அடியில் கழிவுநீர் திறந்துவிடும் சின்ன வால்வு. தம்பி சொல்ல வந்தது 'பாய்லர் வால்வுகளில் ஒன்று'. கடைசியில் அந்த பாய்லரை நிறுத்தும்படி ஆகிவிட்டது.

ஆலை தெரிந்தவர்களுக்கு அதன் விலை தெரியும். வந்து இறங்கும் செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில் வேகவைக்க வேண்டும். நீராவி குறைந்தால் குலை காத்துக்கிடக்கும். காத்துக்கிடக்கும் அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். இத்தனையும் ஒரு வரியால் வந்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்தவன் அவன். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இரண்டு பெயர்ச்சொல் சேர்ந்தால் முன்னது பின்னதை விவரிக்கிறது, அவ்வளவுதான். அதனால் முன்னது பொதுவாக ஒருமையிலேயே நிற்கும், 'எஸ்' பின்னதற்கு. வால்வுகளில் ஒன்று என்றால் 'ஒன் ஆஃப் தி பாய்லர் வால்வ்ஸ்'. பாய்லர்களில் ஒன்றின் வால்வு என்றால் 'தி வால்வ் ஆன் ஒன் ஆஃப் தி பாய்லர்ஸ்'. தோட்டத் தொழிலாளர்களில் ஒருவர் 'ஒன் ஆஃப் தி எஸ்டேட் ஒர்க்கர்ஸ்'. 'எஸ்டேட்ஸ் ஒர்க்கர்' அல்ல. 'ஸ்போர்ட்ஸ் ஷூஸ்' மாதிரி முன்சொல்லே 'எஸ்' வைத்திருப்பவை சில உண்டு, அவற்றை அப்படியே பழகிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கிறது. அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள் எல்லாரையும் ஆங்கிலம் 'சிஸ்டர் இன் லா' என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுகிறது. நம் வீடுகளில் அவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் என்றால் 'ஒன் ஆஃப் மை சிஸ்டர்ஸ் இன் லா'. இங்கே விவரிக்கப்படுவது 'சிஸ்டர்', ஆகவே 'எஸ்' அதற்கு.

லாக் புக் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். எது என்று தெரிந்திருக்கும்போது 'ஒன் ஆஃப்' எதற்கு? பாய்லர் நம்பரையும் வால்வின் பெயரையும் எழுதுங்கள். எது என்று தெரியாதபோதோ, எதுவானாலும் பரவாயில்லை என்கிறபோதோதான் 'ஒன் ஆஃப்'.

பக்கத்துச் சொல்லைப் பார்த்து வினை எழுதுவது

குலை ஏற்றிய லாரிகளில் ஒன்று பழுதானால் 'ஒன் ஆஃப் தி லாரிஸ் ஹேஸ் ப்ரோக்கன் டவுன்'. 'லாரிஸ்' பக்கத்தில் இருப்பதால் கை தானாக 'ஹேவ்' எழுதும். பழுதானது ஒன்றுதான், வினை அந்த 'ஒன்' பக்கம். 'ஈச் ஆஃப்' என்று தொடங்கினாலும் இதே கணக்கு.

'தி' இல்லாமல் எழுதுவது

'ஒன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' கிடையாது. 'தி', 'மை', 'தீஸ்' என்று ஏதாவது ஒன்று நடுவில் வேண்டும்.

எண்ண முடியாததை எண்ணுவது

வேலை விண்ணப்பங்களில் 'ஒன் ஆஃப் தி எக்விப்மெண்ட்ஸ்' அடிக்கடி வரும். எக்விப்மெண்ட், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் எதற்கும் 'எஸ்' கிடையாது. 'எ பீஸ் ஆஃப் எக்விப்மெண்ட்' என்று எழுதலாம். அதைவிட, அந்தப் பொருளின் பெயரையே எழுதுவது நல்லது. 'ஸ்டாஃப்' கொஞ்சம் வேறு. நம் ஊரில் ஒரே ஒரு ஆளைக்கூட 'ஒரு ஸ்டாஃப்' என்று சொல்லிப் பழகிவிட்டதால் 'ஒன் ஆஃப் தி ஸ்டாஃப்ஸ்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஏற்கெனவே கூட்டத்தைக் குறிப்பது, அதனால் 'ஒன் ஆஃப் தி ஸ்டாஃப்' போதும்.

நண்பனின் வீட்டில் மாட்டிக்கொள்வது

'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் ஹவுஸ்' என்பதைத் திருத்தப் பார்த்தால் அப்புறம் 'எஸ்' எங்கே, மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) எங்கே என்று குழப்பம்தான். அதை விட்டுவிடுங்கள். 'எ ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்', 'ஃபிரெண்ட்ஸ்' என்பதில் 'எஸ்'ஸுக்கு முன் மேற்குறி. ஆளைச் சொல்ல 'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்' இருக்கிறது. ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் சாதாரணப் பேச்சில் சொல்வதும் இவைதான்.

'தி மோஸ்ட்' வந்தால்

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885-இல் கட்டப்பட்டது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் 'ஒன் ஆஃப் தி மோஸ்ட் ஃபேமஸ் டவர் இன் பேராக்' என்றுதான் முக்கால்வாசிப் பேர் தொடங்குவார்கள். 'மோஸ்ட்' வந்ததும் ஒன்றே ஒன்று என்ற நினைப்பு வந்துவிடுகிறது. கோபுரம் ஒன்றுதான், ஆனால் புகழ்பெற்ற கோபுரங்களின் வரிசையில் அதை வைக்கிறோம். 'டவர்ஸ்' என்று எழுதுங்கள்.