பழைய டிஸ்க்கில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள்: லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் பழைய லேப்டாப்புகள் இன்னும் நிறையவே உழைத்துக்கொண்டிருக்கின்றன. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்கா வாங்கியது தம்பி கைக்கு வந்திருக்கும். செவ்வாய்பேட்டை மண்டியில் ஒன்றில் டேலி ஓடும். அம்மாபேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ஒன்றில் கல்யாணப் பத்திரிகை டிசைன் நடக்கும். எல்லாவற்றின் மேலும் ஒரே புகார்தான்: ஆன் பண்ணினால் எழுந்து வர அஞ்சு நிமிஷம் ஆகிறது.

பெரும்பாலும் அதற்குக் காரணம் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். லேப்டாப் டிஸ்க் பொதுவாக நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு கோப்பு தட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே படிக்கும் முள் நகர்ந்து போய், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இதற்கு 10 மில்லிசெகண்டுக்கு மேல் போகும். விண்டோஸ் எழும்போது படிக்க வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில். அதற்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது; இதே வேலைக்கு 0.1 மில்லிசெகண்ட் போதும். அதனால்தான் இந்த ஒரு மாற்றத்திலேயே பழைய மெஷின் புதுசு மாதிரி ஆகிவிடுகிறது.

கழற்றி மாட்டுவது அரைமணி நேர வேலை. அதில் கெட்டுப்போவது குறைவு. ஆனால் பத்து வருஷ போட்டோவும் கணக்கும் காணாமல் போவது நிறைய நடக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: புது டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று உறுதியாவதற்கு முன்பே பழைய டிஸ்க்கில் கை வைத்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எது பொருந்தும் என்று பார்க்காமல் வாங்குவது

ஆன்லைனில் ஆஃபர் வந்தது என்று முதலில் எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு, அப்புறம் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால் மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனம் வெளியிடும் சர்வீஸ் மேனுவலையாவது பாருங்கள்.

பழைய லேப்டாப்பில் இருப்பது சாட்டா என்ற இணைப்பு வகையில் வரும் 2.5 அங்குல டிஸ்க். அதே அளவில் சாட்டா எஸ்எஸ்டி கிடைக்கும். நேராக அதே இடத்தில் உட்காரும். பழைய டிஸ்க் சிலது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். இடைவெளி இருந்தால் டிஸ்க் ஆடி, கனெக்டர் தளரும். சில எஸ்எஸ்டியோடு இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

குழப்பம் அதிகம் வருவது எம்.2 வகையில்தான். சூயிங்கம் பட்டை மாதிரி நீளமான சின்ன அட்டை அது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இனம் உண்டு: சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ. அட்டையின் தங்கநிறப் பற்களைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. இரண்டு வெட்டு உள்ளது அநேக சாக்கெட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த சாக்கெட் என்விஎம்இக்கு மட்டும் என்றால், உட்கார்ந்தும் பயாஸில் (ஆன் பண்ணியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) தெரியாது. பொருந்தியதாலேயே வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242-க்கு மட்டும் இடமுள்ள லேப்டாப்பில் அது போகாது. வைஃபை கார்டு இருக்கும் சாக்கெட்டும் ஏறக்குறைய இதே மாதிரி தெரியும். அது எஸ்எஸ்டிக்கானது அல்ல.

விலை மலிவான சில லேப்டாப்புகளில் இஎம்எம்சி என்ற சேமிப்பு சிப் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். தனியாக எம்.2 சாக்கெட்டோ சாட்டா இடமோ இல்லாவிட்டால் உள்ளே மாற்ற வழியில்லை.

வேகத்துக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். சாட்டாவில் நொடிக்கு சுமார் 550 எம்பிக்கு மேல் போகாது, எந்த பிராண்டாக இருந்தாலும். பழைய மெஷினில் சாட்டாவே இன்னும் பழைய தலைமுறையாக இருந்தால் அதில் பாதிதான் வரும். இருந்தாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் நமக்கு லாபம் அந்தத் தேடும் நேரத்தில்தான். மிச்சமாகும் பணத்தில் 4 ஜிபி ராமை 8 ஆக்குங்கள்.

ஆனால் ரொம்ப மலிவானதும் வேண்டாம். பெயர் தெரியாத பிராண்டில் 2 டெராபைட் என்று அச்சடித்து, உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து விற்கும் போலிகள் உண்டு. விண்டோஸும் அதைப் பெரிய டிஸ்க் என்றே காட்டும். உண்மையான அளவைத் தாண்டி எழுதினால் முன்பு எழுதியது அழியும். பில்லோடு, வாரண்டியோடு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 500 ஜிபி வாங்கினால் விண்டோஸில் 465 என்று காட்டும். அது ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான்.

டி டிரைவை மட்டும் காப்பி எடுத்துவிட்டு பேக்கப் முடிந்தது என்று நினைப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கொடுமையான தவறு இதுதான். "டேட்டா எல்லாம் டியில இருக்கு, சியில ஓஎஸ் மட்டும்தான்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் சியில்தான் இருக்கிறது. டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே அப்படித்தான். செல்போனிலிருந்து இறக்கிய குழந்தையின் முதல் வருஷப் போட்டோக்கள் பெரும்பாலும் டெஸ்க்டாப்பில் "நியூ ஃபோல்டர் (3)" என்ற பெயரில்தான் கிடக்கும்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் கோப்பு, ஸ்டிக்கி நோட்ஸ் இவையும் சியில்தான். டேலி வைத்திருப்பவர்கள் கம்பெனி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டேலிக்குள் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பேக்கப் எடுத்து, இன்னொரு மெஷினில் ரீஸ்டோர் ஆகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். புதிதாக ஓஎஸ் போடுவதாக இருந்தால் பழையதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு வருவது நல்லது. பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்வது சுலபம்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. பாமினி, வானவில் மாதிரி யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் உங்களிடம் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், பாமினியில் அடித்த பத்திரிகையைத் திறந்ததும் மணமகன் பெயர் இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள் நிற்கும். அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சாகக் கிடக்கும் டிஸ்க்கை குளோன் செய்வது

மெதுவாக இருப்பதற்கும் பழுதாகி இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஏற்காடு எஸ்டேட்டுக்கும் சேலத்துக்கும் பையில் போய்வரும் லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. மூடியை மூடினால் தூங்கிவிடும் என்று நினைத்துப் பையில் போட்டிருப்பார்கள். பல சமயம் அது தூங்கியிருக்காது. டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது பஸ் தூக்கிப் போட்டால் முள் தட்டில் உரசும். அப்படி அடிபட்ட இடங்கள் நாளாக ஆகப் பெருகும்.

அதனால் எதையும் தொடங்குவதற்கு முன் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை காட்டி, பழுதான இடங்களைக் குறிக்கும் ரீஅலோகேட்டட் செக்டரோ பெண்டிங் செக்டரோ ஏறியிருந்தால், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் மென்பொருளை ஓட விடாதீர்கள். அது வெற்று விண்டோஸ் கோப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மொத்தமாக நின்றுவிடலாம். முக்கியமான ஃபோல்டர்களை முதலில் காப்பி எடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தால் குளோன் செய்யலாம். அப்போது பார்க்க வேண்டியது எது மூலம், எது புதியது என்பது. இரண்டும் 500 ஜிபி என்றால் திரையில் ஒரே மாதிரி தெரியும். மாடல் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே சரி கொடுங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்படும். விலையில்லா லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸும் இருக்கும். அதில் ஒரு பார்ட்டிஷனை (சி, டி மாதிரி ஒரு பகுதியை) மட்டும் எடுத்தால் பூட் ஆகாமல் போகலாம், முழு டிஸ்க்கையும் குளோன் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போகக்கூடாது. சித்திரை, வைகாசியில் மலையில் இடியோடு மழை பெய்யும் சாயங்காலங்களில், செத்த பேட்டரியோடு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

என் யோசனை இது: டேலி, டிசைன் மென்பொருள் என்று நிறைய இருந்தால் குளோன். வீட்டு உபயோகம், வருஷக்கணக்கில் குப்பை சேர்ந்தது என்றால் புதிதாக ஓஎஸ். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, பழைய மெஷின் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் நன்றாகவே பொருந்தும். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றியதற்காகப் புது கீ வாங்கச் சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம். அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகும்.

பிட்லாக்கரை மறப்பது

விண்டோஸ் 11 வந்த லேப்டாப்புகள் பலவற்றில், பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கும். பூட்டைத் திறக்கும் சாவி அந்த லேப்டாப்பின் டிபிஎம் சிப்பில் இருக்கிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி டப்பாவில் போட்டு வேறு மெஷினில் செருகினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். செட்டிங்ஸில் பார்த்து அந்தப் பூட்டை (என்கிரிப்ஷனை) முழுதாக நீக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தக் கீயையும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

திறக்கும்போது

சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் தொடாதீர்கள், தலை தேய்ந்தால் பிறகு டிரில்தான். ரப்பர் கால்களுக்கு அடியில் ஸ்க்ரூ மறைந்திருக்கும். ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையான ஓட்டையில் போட்டு முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே செல்லோடேப்பில் ஒட்டி வையுங்கள்.

மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. சார்ஜரை எடுத்துவிட்டால் போதும் என்பது தவறு, உள்ளே மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். சில மாடல்களில் டிஸ்க் ஒரு மெல்லிய பட்டை கேபிள் வழியாக போர்டில் சேரும். அதன் முனையில் நகத்தால் தூக்கும் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தூக்காமல் கேபிளை இழுத்தால் கிழியும். பழைய மாடலுக்கு அந்தக் கேபிளைத் தேடி அலைவது பெரிய பாடு.

ஏற்காட்டில் மூடுபனி இறங்கியிருக்கும் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். நல்ல வெயில் வேளையே மேல்.

முதல் முறை ஆன் பண்ணும்போது

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஆன் பண்ணுங்கள். இரண்டும் இருந்தால் எதிலிருந்து எழுந்தது என்றே தெரியாது. புதியது ஓடுகிறது என்று நம்பிப் பழையதை அழிப்பது இப்படித்தான் நடக்கிறது. புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டவில்லை என்றால் எஸ்எஸ்டி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெல் 11-ம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல லேப்டாப்புகளில் அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்துக் கொடுக்க வேண்டும். வைஃபை டிரைவரையும் முன்பே இறக்கி அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. சிதறிய கோப்புகளை அடுக்கி வைக்கும் தனி டிஃப்ராக் மென்பொருள் எதுவும் போடாதீர்கள். எஸ்எஸ்டிக்குத் தேவையானதை விண்டோஸே செய்துகொள்ளும். கொள்ளளவு முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பேக்கப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டு எச்சரிப்பதுண்டு, எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும். அதில் அழித்த கோப்பை மீட்பதும் கடினம்.

பழைய டிஸ்க்

மாட்டிய அன்று சாயங்காலமே அதை ஃபார்மட் அடித்து எக்ஸ்டர்னல் ஆக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஒரு மாதமாவது பொறுங்கள். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு போடும்போதோ, ஸ்கூல் ஃபீஸ் ரசீதைத் தேடும்போதோதான் எது வரவில்லை என்பது தெரியும். டிஸ்க்கின் மேல் தேதி எழுதி, உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.

அந்த மாதம் போன பிறகு யுஎஸ்பி டப்பாவில் போட்டு பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் குயிக் ஃபார்மட் போதாது. அதில் டேட்டா அப்படியே இருக்கும், இலவச மென்பொருளிலேயே ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் திரும்ப வந்துவிடும். குயிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு, டிஸ்க்கின் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் முழு ஃபார்மட் கொடுங்கள். அந்தப் பார்ட்டிஷனின் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் எழுதுவதால் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.