கரண்ட் மாதக்கணக்கில் நின்றால்: வீட்டுக்கு ஒரு 12 வோல்ற் லைன்

உக்ரைனில் 2022 ஒக்டோபர் 10 இல் தொடங்கிய ஏவுகணைத் தாக்குதல்களில் மின்நிலையங்களோடு உபமின்நிலையங்களின் பெரிய ட்ரான்ஸ்போமர்களும் அடிபட்டன. அறுந்த கம்பியை இரண்டு நாளில் இழுத்துக் கட்டலாம். அந்த அளவு ட்ரான்ஸ்போமரை ஓடர் கொடுத்துச் செய்து எடுக்க ஒரு வருடத்துக்கு மேலும் போகும். நம் இலங்கையிலும் 2008 ஒக்டோபர் 28 இரவு கொழும்பின் களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் குண்டு விழுந்தது. போர்க்காலத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்கள் ஆண்டுக்கணக்காகக் குப்பி விளக்கில் இருந்தன. ஒரு இரவைச் சமாளிக்கும் ஏற்பாடு இதற்குக் காணாது.

சோலரில் ஏறும் பற்றரியிலிருந்து வீட்டுக்குள் ஓடும் 12 வோல்ற் லைன் ஒன்று வேண்டும். முதலில் ஒரு நாள் செலவுக் கணக்கு. 5 வாற்ஸ் எல்ஈடி பல்ப் நாலு, 5 மணித்தியாலம்: 100 வாற்மணி. 20 வாற்ஸ் டீசி மின்விசிறி 8 மணித்தியாலம்: 160. ரவுட்டர் 100, மூன்று போன் 50. மொத்தம் 410. 12 வோல்ற், 100 ஆம்பியர்மணி டியூபிளர் பற்றரியில் (ஆழமாக இறக்கி ஏற்றத் தாங்கும் வகை) 1200 வாற்மணி இருக்கிறது. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையில் 600. கார் பற்றரி வேண்டாம். அதன் தகடுகள் மெல்லியவை, ஆழமாக இறக்கினால் சில மாதத்தில் செத்துவிடும். ஏற்றாமல் சும்மா நிற்கும்போது மீற்றரில் 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்தது, 12.2 வந்தால் நிறுத்துங்கள். பற்றரியை ஏற்ற 200 வாற்ஸ் சோலர் தகடும், அளவுக்கு மீறி ஏறாமல் காக்கும் 20 ஆம்பியர் கொன்ரோலரும் போதும். மாரியில் மட்டும் விசிறியைக் குறைக்க வேண்டி வரும்.

12 வோல்ற்றை 230 ஆக்கும் இன்வேட்டரைத் தேவைக்கு மட்டும் போடுங்கள். சும்மா ஓனில் கிடந்தாலே சின்ன இன்வேட்டரும் 10 வாற்ஸ் அளவு தின்னும். ஒரு நாளைக்கு 240, விசிறியின் இரவுச் செலவை விட அதிகம்.

பெரும்பாலானோர் பிழை விடும் இடம் வயர். வீட்டு வயரிங்கில் மிச்சமான 1.5 சதுர மில்லிமீற்றர் வயரைப் பத்து மீற்றர் இழுத்து 4 ஆம்பியர் ஓடவிட்டால் வழியிலேயே ஒரு வோல்ற் அளவு போய்விடும். பல்ப் மங்கும், ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும், பழி பற்றரி மேல் விழும். 4 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு மூன்றில் ஒன்று அளவுதான். ரவுட்டரை நேரே கொழுவ வேண்டாம். ஏறும்போது பற்றரி 14.4 வரை போகும், இடையில் 12 வோல்ற் ரெகுலேட்டர் வையுங்கள். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். அது இல்லாமல் வயர் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயரே தீப்பிடிக்கும்.

காத்தான்குடி, கல்முனைக் கரையோர உப்புக்காற்றில் முனைகள் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூக்கும். மைனஸை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவித் துடைத்து, இறுக்கிய பின் வாஸ்லின் பூசுங்கள். சோடாத் தண்ணி பற்றரிக்குள் போகக் கூடாது. உள்ளே ஊற்றுவது வடித்த நீர் மட்டும். கிணற்றுத் தண்ணி தகட்டைக் கெடுக்கும். ஏறும்போது ஐதரசன் வரும், படுக்கையறையில் வைக்காதீர்கள்.

கூரையில் மின்சார சபை லைனோடு இணைத்த சோலர் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பற்றரி இல்லாத அந்த அமைப்பு கரண்ட் நின்றதும் தானாகவே நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்பவர் உயிருக்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதே காரணத்தால் ஜெனரேற்றரைச் சுவர்ப் பிளக்கில் ஒருபோதும் கொழுவ வேண்டாம். உங்கள் 230 வோல்ற், தெரு ட்ரான்ஸ்போமர் வழியே தலைகீழாய் ஏறி 33,000 ஆகக் கம்பத்தில் நிற்பவரை அடிக்கும். வீட்டை ஒன்றில் லைனோடு, அல்லது ஜெனரேற்றரோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள், ஜெனரேற்றர் முற்றத்தில் நிற்கட்டும்; அதன் புகை அடைத்த அறையில் ஆளைக் கொல்லும்.

கரண்ட் திரும்பும் நேரம் வோல்ற் ஏறி இறங்கும். பிரிட்ஜ், மோட்டர், ரீவி பிளக்குகளைக் கழற்றி, ஒரு பல்பை மட்டும் ஓனில் விடுங்கள். அது கால்மணி நேரம் ஆடாமல் எரிந்த பிறகு ஒவ்வொன்றாய்க் கொழுவலாம்.