முக அழகு அறுவை: கத்திக்கு முன்னும் பின்னும்

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளில் ஒரே வரி எழுதிப் பாருங்கள்: முகத்தில் எது, எப்படி மாற வேண்டும். “மூக்குத் தண்டில் இருக்கும் மேடு போக வேண்டும்”, “மேல் இமைத் தோல் மடிந்து இமை முடி மேல் படிகிறது, அது குறைய வேண்டும்” என்று எழுத வந்தால், அது அறுவையால் ஆகக்கூடிய காரியம். “எல்லாரும் மதிக்க வேண்டும்”, “பிரிந்து போனவர் திரும்பி வர வேண்டும்” என்பதுதான் உள்ளே இருக்கிறது என்றால் அதற்கு அறுவை வழி இல்லை. கத்தி தொடுவது தோல், கொழுப்பு, தசை, குருத்தெலும்பு, எலும்பு, அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். அதே குறை அதே அளவில் உறுத்தினால் மேற்கொண்டு யோசிக்கலாம். போன மாதம் மூக்கு, இந்த மாதம் தாடை என்று மாறிக்கொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்தவர் கண்ணுக்கே படாத குறையைத் தினமும் மணிக்கணக்கில் கண்ணாடியில் தேடுவதும், அதற்காக வெளியே போவதையே தவிர்ப்பதும் உடல் தோற்றக் கோளாறின் அடையாளங்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை. கவலை வேறோர் இடத்துக்கு நகர்கிறது, அல்லது அதே இடத்தில் வளர்கிறது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர். மணமுறிவு, நெருங்கியவர் மரணம், வேலை இழப்பு இவை நடந்த சூட்டோடு முடிவெடுப்பதும் நல்லதல்ல.

செல்ஃபியை ஆதாரமாகக் கொண்டு போகாதீர்கள். ஓரடி தூரத்தில் பிடித்த படத்தில் மூக்கின் அடிப்பகுதி, ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. வேறொருவரை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, கீழிருந்து ஒன்று எனப் படமெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு ஆசை தணிந்து போனவர்கள் உண்டு.

எந்தக் குறைக்கு எந்த அறுவை

தவறான முடிவுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. குறை ஓரிடத்தில், அறுவை வேறிடத்தில்.

மேல் இமை கனத்துத் தொங்குகிறது என்று தோன்றினால் கண்ணாடி முன் நின்று புருவத்தை விரலால் அதன் பழைய இடத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். இமை மடிப்பு அப்போதே சரியாகிவிட்டால், இறங்கியிருப்பது புருவம். அதைக் கவனிக்காமல் இமைத் தோலை மட்டும் வெட்டினால் புருவம் இன்னும் கீழே வரும், முகம் கடுகடுவென்று ஆகிவிடும். இமையின் விளிம்பே கருவிழி மேல் இறங்கி நிற்கிறதென்றால் அது இமையைத் தூக்கும் தசையின் பலவீனம். அதற்கான அறுவை வேறு.

கீழ் இமைக்கு இரண்டு சோதனைகள். தலைக்கு மேலே விளக்கு எரியும்போது முகத்தை மெல்ல நிமிர்த்துங்கள். கருமை மறைந்தால் அது பையின் நிழல், அறுவையால் குறையும். மறையாமல் அப்படியே இருந்தால் தோலின் நிறமே அது. கொழுப்புப் பையை எடுத்தாலும் கருவளையம் போகாது. அடுத்து, கீழ் இமையைக் கீழே மெல்ல இழுத்து விடுங்கள். கண் சிமிட்டாமலே சட்டென்று கண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தாமதமாக ஒட்டினால் இமை தளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட இமையில் தோலை எடுத்துவிட்டு ஓரத்தை இறுக்கிக் கட்டாமல் விட்டால் இமை வெளிப்பக்கம் பிதுங்கி, கண்ணீர் வழிந்தபடியே இருக்கும். கண் எரிச்சல், உலர்கண், காண்டாக்ட் லென்ஸ் பழக்கம் உள்ளவர்கள் இமை அறுவைக்கு முன் கண் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூக்கு அறுவை இவை எல்லாவற்றிலும் கடினமானது. எலும்பு வளர்ச்சி முடியும் வரை, அதாவது பெண்களுக்கு ஏறக்குறைய 15, 16 வயது, ஆண்களுக்கு 17, 18 வயது வரை, அழகுக்காகத் தொடுவதில்லை. திறந்த முறையில் இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள சிறு தூணில் ஒரு வெட்டு விழும்; மூடிய முறையில் வெட்டெல்லாம் உள்ளேயே. திறந்ததா மூடியதா என்பதைவிட எவ்வளவு குருத்தெலும்பை விட்டுவைக்கிறார்கள் என்பதே முக்கியம். அதிகம் செதுக்கினால் மூச்சை உள்ளிழுக்கும்போது பக்கச் சுவர் உட்குழிந்து காற்று தடைபடும். அழகான மூக்கில் மூச்சுவிட முடியாமல் திரும்பி வருபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். தடித்த தோல் உள்ளவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: உள்ளே எவ்வளவு கூராக்கினாலும் மேலே தோல் அந்த வடிவத்துக்கு இறங்காது. மெல்லிய தோல்காரரின் மூக்குப் படத்தைக் காட்டி அதே மாதிரி கேட்பதில் பயனில்லை.

முகத்தோலை இறுக்கும் ஃபேஸ்லிஃப்ட் கன்னத்தின் கீழ்ப்பகுதி, தாடையோரம், கழுத்து ஆகியவற்றுக்கானது. நெற்றிச் சுருக்கம், உதட்டைச் சுற்றிய மெல்லிய கோடுகள் இதனால் போகா. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பும் கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவே. தோலுக்கு அடியில் உள்ள தசைப்படலத்தை இறுக்காமல் தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தழும்பு அகலும், காது மடலின் நுனி கீழே இழுபடும், சீக்கிரமே மறுபடி தளரும். ஒழுங்காகச் செய்ததன் பலன் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை தெரியும். எடை குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்து, எடை நிலைத்த பிறகு வாருங்கள்.

ஊசியோடு முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சுருக்கம் விழும் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுமையடையும், மூன்று நான்கு மாதம் நிற்கும். தோலுக்கடியில் குழிவை நிரப்பும் ஹயலுரோனிக் அமில ஃபில்லர் இடத்தைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம் என்பது இதன் நல்ல பக்கம். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் வெளுத்துக் கடுமையாக வலிக்கும். அரிதாகப் பார்வையே போகும். ஆகவே கரைக்கும் மருந்தான ஹயலுரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். “வெளியே வாங்கிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

குறைந்தது இரண்டு பேரைப் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியிலோ, முக அறுவையிலோ, கண் இமை அறுவையிலோ முறையான பயிற்சிப் பட்டம் உள்ளவரா, இதே அறுவையை வாடிக்கையாகச் செய்பவரா என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் வயது, உங்கள் தோல் நிறம், உங்களைப் போன்ற குறை உள்ளவர்களின் முன்-பின் படங்களைக் கேளுங்கள்; ஓராண்டு கழித்து எடுத்தவை இருந்தால் இன்னும் நல்லது. முன் படம் மங்கலாகவும் பின் படம் மேக்கப்போடு பளிச்சென்றும் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கணினியில் மாற்றிக் காட்டும் படம் பேசிப் புரிந்துகொள்ள உதவும். அது வாக்குறுதி ஆகாது.

மயக்க மருந்து யார் தருகிறார், முழு மயக்கமா, அரை மயக்கமா, இடத்தை மட்டும் மரக்கச் செய்வதா, இரவில் சிக்கல் வந்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார், அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, திருத்த அறுவை தேவைப்பட்டால் எந்தச் செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். “இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்பவரிடம் கட்ட வேண்டாம். ஒரு குறையோடு போனவரிடம் அவர் கேட்காத நான்கு குறைகளைச் சுட்டிக்காட்டுபவரும் அதே ரகம். “உங்களுக்கு இது வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்த டாக்டர் கிடைத்தால் அவரிடம் இன்னொரு முறை பேசுங்கள்.

தயாராகும் வாரங்கள்

புகை பிடிப்பவர்கள் முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் முற்றாக நிறுத்த வேண்டும். நிகோட்டின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்குவதால், இழுத்துத் தைத்த தோல், குறிப்பாகக் காதுக்குப் பின்னால், ரத்தம் கிடைக்காமல் கறுத்துச் செத்துப்போகும். வேப் எனும் மின்சிகரெட்டுக்கும் நிகோட்டின் சூயிங்கம்முக்கும் இதே கதைதான். இதை டாக்டரிடம் மறைப்பவர்கள் தண்டனையைத் தங்கள் முகத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவை ரத்தக் கசிவைக் கூட்டும். பொதுவாக ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் அதற்குச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. மூலிகைப் பொடி, லேகியம், எடை குறைப்பு ஊசி எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுங்கள். எடை குறைப்பு ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் மயக்க மருத்துவர் அதை அறிந்தே ஆக வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வராமல் மேசையில் ஏற வேண்டாம். பழைய காயம் ஏதாவது கீலாய்டாக, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்த தழும்பாக, தடித்திருந்தால் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள்.

மயக்கத்துக்கு முன் திட உணவு குறைந்தது ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் கூடாது என்பது வழக்கமான கணக்கு. வீட்டுக்கு அழைத்துப் போகவும் முதல் இரவு கூட இருக்கவும் ஒருவர் வேண்டும்.

பிறகு நடப்பது

தோலுக்கடியில் ரத்தம் தேங்கும் ரத்தக்கட்டு வரும் ஆபத்து அதிகம் உள்ளது முதல் 24 மணி நேரம்தான். ஃபேஸ்லிஃப்டில் மற்ற சிக்கல்களைவிட அதிகம் வருவது இதுதான், ஆண்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கூடுதலாக. தலையணையை அடுக்கி, தலை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கப் படுங்கள். குனிவது, தூக்குவது, முக்குவது கூடாது. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கான மருந்தையும் முன்பே கேட்டு வாங்குங்கள். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள். மரத்துப்போன தோலுக்குச் சுடுவதும் உறைவதும் தெரியாது.

முகம் மிக மோசமாகத் தெரிவது இரண்டாவது, மூன்றாவது நாள். ஒரு கண் மற்றதைவிட வீங்கியிருக்கும், கன்றல் நீலம் கழுத்து வரை இறங்கும், உதடு கோணலாகத் தெரியும். “ஏன்தான் செய்தோமோ” என்ற அழுகையும் அந்த வாரம் வரும். அது பலருக்கும் வருவதுதான், வீக்கத்தோடு அதுவும் வடியும். இமைத் தையல் ஐந்து முதல் ஏழு நாளில் வெளியே வரும். மூக்கு அசையாமல் இருக்க மேலே வைத்த பட்டையை ஒரு வாரத்தில் எடுப்பார்கள். கன்றல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும். மூக்கு அறுவைக்குப் பின் இரண்டு வாரம் மூக்குச் சீந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மூக்கெலும்பை நகர்த்தியிருந்தால் மூக்குக் கண்ணாடியை நான்கு முதல் ஆறு வாரம் தண்டில் உட்கார விடாதீர்கள். கடும் உடற்பயிற்சிக்கும் அதே நான்கு முதல் ஆறு வாரம். ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் காதும் கன்னமும் மாதக்கணக்கில் மரத்திருக்கும். ஹேர் டிரையர் வைக்கும்போது கையால் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். சுட்ட பிறகும் காதுக்குத் தெரியாமல் கொப்புளம் வந்தவர்கள் இருக்கிறார்கள். தழும்பு வெளுக்க ஓராண்டு வரை ஆகும், அதுவரை வெயில் படாமல் சன்ஸ்கிரீன்.

விசேஷத்துக்காகச் செய்பவர்கள் இந்தக் கணக்கை வைத்தே நாள் குறிக்க வேண்டும். இமைக்கு ஆறு வாரம், ஃபேஸ்லிஃப்டுக்கு மூன்று மாதம் இடைவெளி விட்டால் நிம்மதியாகப் படமெடுத்துக்கொள்ளலாம்.

காத்திருக்கக் கூடாதவை சில: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகி வலித்தல், இமை அறுவைக்குப் பின் கண் பிதுங்குவது போன்ற வலியோ பார்வை மங்கலோ, நிற்காத மூக்கு ரத்தம், காய்ச்சல், சீழ், தோல் கறுத்தல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வையைக் காப்பாற்றக் கிடைப்பது ஓரிரு மணி நேரம்தான். காலையில் போகலாம் என்று விடாதீர்கள்.

விளைவு பிடிக்கவில்லை என்றால் உடனே அடுத்த டாக்டரிடம் ஓட வேண்டாம். மூக்கின் நுனி வடிவம் கொள்ள ஓராண்டு, தடித்த தோலில் அதற்கும் மேல். திருத்த அறுவைக்குக் குறைந்தது 12 மாதம் காத்திருக்கச் சொல்வது உள்ளே தழும்பு இளகினால்தான் மறுபடி பிரித்துத் தைக்க முடியும் என்பதால். அந்த இடைவெளியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஐந்தடி தூரத்தில், அதே வெளிச்சத்தில் படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். செய்த டாக்டரிடமே திரும்பிப் போனாலும் புதியவரிடம் போனாலும், முதல் அறுவையின் குறிப்போடு அந்தப் படங்களையும் கொண்டுபோனால் எது வீக்கம், எது குறை என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.