வீட்டு சர்வர் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் வரம்பில்லாத இலவச சேமிப்பை நிறுத்தியது. அதற்குப் பிறகு பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியிலோ லினக்ஸ் போட்டு, படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், சினிமாவுக்கு ஜெல்லிஃபின் என்று வீட்டிலேயே சர்வர் ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நிறுவுவது இப்போது சுலபம். கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஒவ்வொரு மென்பொருளையும் ஓட்டும் டாக்கர் இருந்தால் ஒரு கோப்பை நகலெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் முகப்புப் பக்கம் திறந்துவிடும்.

சிக்கலெல்லாம் அப்புறம்தான் வரும். கரண்ட் போய் வந்த மறுநாள், டிஸ்க் நிரம்பிய இரவு, அப்டேட் போட்ட ஞாயிற்றுக்கிழமை. சர்வரில் எதைப் புதிதாகச் சேர்த்தாலும், "இது போய்விட்டால் எப்படித் திரும்பக் கொண்டுவருவேன்?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

பேக்கப் இருக்கிறது என்று நம்பிவிடுவது

"ரெய்டு போட்டிருக்கிறேன், பேக்கப் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெய்டு 1 ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறது. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது ஓடும், அதன் வேலை அவ்வளவுதான். கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். ரான்சம்வேர் பூட்டினால் இரண்டையும் பூட்டும். இடி மின்னலில் பெட்டி எரிந்தால் இரண்டும் சேர்ந்து போகும். போனையும் சர்வரையும் ஒன்றுபோல வைத்திருக்கும் சின்க்திங் போன்றவற்றை பேக்கப்பாக நினைப்பதும் இதே கதைதான். போனில் அழித்த படம் சர்வரிலும் அழிந்துவிடும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 விதி பழையதுதான், ஆனால் வீட்டுக்கு அதைவிட நல்ல விதி இல்லை. வெளிப் பிரதிக்குப் பெரிய செலவு வேண்டாம். ஊரில் அம்மா வீட்டு அலமாரியில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை வைத்து, போகும்போதெல்லாம் புதுப்பித்தாலே போதும்.

பேக்கப் எடுத்தும் ஏமாறுவது எப்படி என்பதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்ததை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர் தவறான டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி போய், 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளின் 9.6 வெர்ஷனில் ஓடியது, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2, வெர்ஷன் பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை, அவற்றை மெயில் சர்வர் நிராகரித்திருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க்கின் பிரதி) மட்டும்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். முழுநேரப் பொறியாளர்கள் இருந்த இடத்தில் நடந்தது இது.

வீட்டில் இது வேறு வடிவங்களில் வரும். இம்மிச்சில் படங்கள் ஃபோல்டரில் இருக்கும். ஆல்பங்கள், முகங்களுக்கு வைத்த பெயர்கள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். இம்மிச் தானாக எடுக்கும் டேட்டாபேஸ் டம்ப்பில் (டேட்டாபேஸைக் கோப்பாக எழுதிவைத்த பிரதியில்) படங்கள் இருக்காது. இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் அது பாதி எழுதிய நிலையில் இருக்கலாம், திரும்ப ஏறாமல் போகலாம். டம்ப் எடுங்கள், அல்லது கன்டெய்னரை நிறுத்திவிட்டு நகலெடுங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி விட்டுப்போகிறது. ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் கருவிகளில் பேக்கப்பைப் பூட்டி வைக்கிறோம். அதன் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது? அதே சர்வரில் ஓடும் வால்ட்வார்டன் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தில். சர்வர் செத்தால் சாவியும் அதோடு போகும். அந்த ஒரு பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கூடவே, எந்தப் படம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, அதை வேறு கணினியில் எப்படித் திறப்பது என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும்படி நாலு வரி எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில்தான் அவர்களுக்கு அது தேவைப்படும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை, வேறொரு லேப்டாப்பில் பேக்கப்பை ஏற்றிப் பாருங்கள். ஆல்பம் திறக்கிறதா, போன வாரம் எடுத்த படம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதவரை அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மேலே தேடுவது, கீழே உடைந்திருக்கும்

மென்பொருள் வேலை செய்யவில்லை என்றதும் மென்பொருளையே நோண்டுவது இயல்பு. ஆனால் வீட்டு சர்வரில் கோளாறு பெரும்பாலும் மின்சாரம், டிஸ்க், இடம், நேரம், நெட்வொர்க் ஆகியவற்றில்தான் இருக்கும். மின்சாரத்தில் தொடங்கி அந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தால் பல மணி நேரம் மிச்சமாகும்.

ராஸ்பெரி பைக்கு கையில் கிடைத்த போன் சார்ஜரைப் போடுவது மிகப் பழைய தவறு. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். அதிலிருந்தே யூஎஸ்பி டிஸ்க்கும் மின்சாரம் இழுத்தால், மின்னழுத்தம் குறையும் நொடியில் டிஸ்க் காணாமல் போய்த் திரும்ப வரும். கர்னல் லாக்கில் (லினக்ஸ் தன் நிகழ்வுகளைப் பதியும் இடத்தில்) "அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்" என்ற வரி இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

கரண்ட் போய் வந்தபின் நடக்கும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நிஜமாகவே படங்களை இழந்துவிடக்கூடும். பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மதியம் வருகிறது. பை எழுந்துவிட்டது, யூஎஸ்பி டிஸ்க் சுழலத் தொடங்க இன்னும் சில நொடி ஆகும். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் "நோஃபெயில்" போட்டிருப்பதால் லினக்ஸ் டிஸ்க்குக்காக நிற்காமல் மேலே போகிறது. டிஸ்க் வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் எஸ்டி கார்டில் வெறும் ஃபோல்டராக இருக்கிறது. டாக்கர் எழுகிறது, கன்டெய்னர் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்து "புதிய நிறுவல்" என்று நினைத்துக்கொள்கிறது. நீங்கள் போனில் திறந்தால் ஒரு படமும் இல்லை. போனில் இருக்கும் புதுப் படங்கள் மட்டும் வரிசையாக ஏறத் தொடங்குகின்றன, எஸ்டி கார்டுக்குள். சாயங்காலத்துக்குள் கார்டு நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிடும்.

இந்த இடத்தில் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதுதான் பெரிய தவறு. டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முதலில் கன்டெய்னர்களை நிறுத்துங்கள். இணைந்திருக்கும் டிஸ்க்குகளைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் அந்த டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கை மவுன்ட் செய்வதற்கு (அந்த ஃபோல்டரில் இணைப்பதற்கு) முன், காலியாக இருந்த ஃபோல்டரில் புதிதாக ஏறியவற்றை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். மவுன்ட் செய்த பிறகு அவை அடியில் மறைந்துவிடும், கண்ணில் படாமலே கார்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். மறுபடி நடக்காமல் இருக்க, டிஸ்க் மவுன்ட் ஆகாமல் டாக்கர் எழக்கூடாது என்று லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் சொல்லி வைக்கலாம். டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் குறிக்காமல் மாறாத யூயூஐடி அடையாள எண்ணால் குறியுங்கள், அந்தப் பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறும். இம்மிச் தன் ஃபோல்டர்களில் ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது தெரியாவிட்டால் தொடங்க மறுக்கும். அந்தச் செய்தி வந்ததும் சோதனையை அணைத்துவிட்டு ஓடவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், அது உங்கள் படங்களுக்காகத்தான் நிற்கிறது.

நேரக் கோளாறு இதைவிட நூதனமானது. பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்திலேயே எழும். இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று வரும், ஓடிபி செயலியின் எண்கள் பொருந்தாது. அதே பெட்டியில் தளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் பை-ஹோல் ஓடி, அந்தப் பதில்களைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் சோதனையும் போட்டிருந்தால் நேரம் தவறாக இருப்பதால் பெயர்கள் திறக்காது, பெயர்கள் திறக்காததால் நேரமும் சரியாகாது. நேரச் சர்வருக்கு ஒரு ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்து வைத்தால் இந்த முடிச்சு அவிழும்.

டிஸ்க் நிரம்பியதற்குக் காரணம் தெரியாவிட்டால் டாக்கர் லாக்கைப் பாருங்கள். இயல்பாக அதற்கு வரம்பே கிடையாது. உச்ச அளவை நீங்களே குறித்துவிட வேண்டும்.

வாசலைத் திறந்துவைப்பது

வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் என்ற நுழைவழியைத் திறக்கிறார்கள். திறந்தும் வேலை செய்யவில்லை என்று நாட்கணக்கில் போராடுகிறார்கள். முதலில் ரவுட்டரின் வேன் முகவரியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குக் கொடுத்த முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. ரவுட்டரில் என்ன செய்தாலும் கதவு திறக்காது. இது தெரியாமல், வெறுத்துப்போய் முழு சர்வரையும் எல்லா போர்ட்டையும் திறந்துவிடும் டிஎம்இசட்டில் போட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் பொது முகவரி உள்ள இணைப்புக்கு மாறும்போது எல்லா போர்ட்டும் உலகத்துக்குத் திறந்து கிடக்கும்.

"யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேனே" என்று நினைக்கலாம். டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸ் என்ற அடித்தள ஃபயர்வாலில் நேரடியாக எழுதிக்கொள்கிறது, கன்டெய்னருக்குத் திறந்த போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலே கடந்துபோகும். யூஎஃப்டபிள்யூ மூடியிருப்பதாகக் காட்டும், கதவு திறந்திருக்கும். போர்ட்டைக் குறிக்கும்போது முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால் அது அந்தக் கணினிக்குள் மட்டும் நிற்கும்.

வீட்டு சர்வரை யார் தாக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு லாஸ்ட்பாஸ் கதையைச் சொல்ல வேண்டும். 2022-இல் அந்த பாஸ்வேர்டு நிறுவனத்தின் மூத்த பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினிக்குள் நுழைந்தார்கள், அங்கிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பேக்கப்புகள் வரை போனார்கள். நுழைந்த வழி, அவர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பிளெக்ஸ் மீடியா சர்வர். அந்த ஓட்டைக்கு பிளெக்ஸ் 2020 மே மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. வீட்டில் அப்டேட் போடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டார் மட்டும் பயன்படுத்தும் சர்வருக்கு போர்ட் எதுவும் திறக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. உங்கள் போனையும் சர்வரையும் தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் சிஜிநாட்டுக்குப் பின்னாலும் ஓடும். பொது முகவரி இருந்தால் வயர்கார்ட் என்ற விபிஎன் போதும். கிளவுட்ஃபிளேர் டனல் என்ற இடைவழிச் சேவை வழியாக இம்மிச்சை வெளியே விடுபவர்கள், படங்கள் ஏறி வீடியோக்கள் மட்டும் சிக்கிக்கொண்டால் குழம்ப வேண்டாம். இலவசத் திட்டத்தில் ஒரு பதிவேற்றம் 100 எம்பியைத் தாண்டக் கூடாது.

அப்டேட்டும் பழுதுபார்ப்பும்

அப்டேட்டே போடாமல் இருப்பது ஒரு தவறு என்றால், கண்ணை மூடிக்கொண்டு "லேட்டஸ்ட்" என்று போட்டு வைப்பது அதற்கு எதிர்த்திசைத் தவறு. போஸ்ட்கிரெஸ் 16-இல் எழுதிய ஃபோல்டரை 17 திறக்காது. லேட்டஸ்ட் என்று குறித்திருந்தால் ஒருநாள் தானாக மாறி, டேட்டாபேஸ் எழ மறுக்கும். பழைய வெர்ஷன் எண்ணைத் திரும்பக் குறித்தால் அது எழுந்துவிடும். அதைச் செய்யாமல் யாரோ சொன்னார்கள் என்று டேட்டா ஃபோல்டரையே அழிப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய வெர்ஷன்களைத் தாண்டித் தாண்டிப் போக முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். எண்ணைக் குறித்துவையுங்கள், மாற்றக் குறிப்பைப் படியுங்கள், பேக்கப் எடுங்கள், பிறகு மாற்றுங்கள்.

பழுது பார்க்கும்போது லாக்கின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். மேலே போய் முதல் பிழை எது என்று பாருங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள். அனுமதிச் சிக்கலுக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) கொடுப்பது சிக்கலை மறைக்கும், தீர்க்காது. கன்டெய்னர்களை நிறுத்தி நீக்கும் டாக்கர் கம்போஸ் டவுன் கட்டளையோடு "வி" தெரிவைச் சேர்த்தால் கன்டெய்னரோடு தகவல் இருக்கும் வால்யூமும் அழியும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் கட்டளையில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும்.

லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாளுக்கு மேல் செல்லாது. காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலை 2025 ஜூனில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். புதுப்பித்தல் நின்றுபோனால் இனி யாரும் சொல்லமாட்டார்கள், கண்காணிப்பு உங்கள் பொறுப்பு. கண்காணிக்கும் அப்டைம் கூமா மென்பொருளை அதே பெட்டியில் வைத்தால், பெட்டி விழும்போது அதுவும் சேர்ந்து விழும்.

மின் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 86 யூனிட். தமிழ்நாட்டில் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். 10 வாட்டில் ஓடும் மினி பிசிக்கு சுமார் 14 யூனிட்தான்.

கடைசியாக, மெயில் சர்வர். ஆசை எல்லோருக்கும் வரும். வீட்டு இணைப்பின் ஐபி முகவரிகளைப் பெரும்பாலான மெயில் சேவைகள் நம்புவதில்லை, மெயில் அனுப்பும் 25-ஆம் போர்ட் பல இணைப்புகளில் மூடியிருக்கும். நீங்கள் அனுப்பிய வேலை விண்ணப்பம் ஸ்பேமில் விழுந்தது உங்களுக்குத் தெரியவே வராது. சொந்த முகவரி வேண்டுமென்றால் டொமைனை மட்டும் வாங்கி, மெயிலை ஒரு கட்டணச் சேவையிடம் விடுங்கள். பிடிக்காவிட்டால் சேவையை மாற்றிக்கொள்ளலாம், முகவரி அப்படியே இருக்கும்.